நெருப்புப்பெட்டியாரின் எரியாத மணவறை

யுத்த காலத்தில் திருகோணமலைத் துறைமுகப் பக்கம் சீவித்த நாங்கள் எல்லாரும் நெருப்பைக் கண்டு ஓடினோம். நெருப்பைக் கண்டதும் கிட்டப் போன மனிதர் நான் அறிய ஒருவர்தான். கிட்டப் போனார் என்பதுகூடக் காணாது. அவர் அதைக் கையோடு கொண்டு திரிந்தார். செத்த வீடு, பூப்புனித நீராட்டு, நிவாரண வரிசை, ஆட்கள் காத்திருக்கிற ஆஸ்பத்திரி வாங்கு, எங்கே கண்டாலும் சாரத்து மடியிலிருந்து கரும்பழுப்பு நிறத்தில் ஒரு தகட்டுத் துண்டை எடுப்பார். மற்றக் கையில் நெருப்புப்பெட்டி.

“எரிச்சுக் காட்டட்டோ?” என்று கேட்பார்.

வேண்டாம் என்று நாங்கள் சொல்லி முடிக்குமுன் எரித்துக் காட்டியிருப்பார்.

தாய் தகப்பன் அவருக்கு என்ன பெயர் வைத்தார்களோ தெரியாது. ஊர் அலுவல் பார்க்கிற விதானையார்கூட “நெருப்புப்பெட்டியார் வந்திட்டாரோ?” என்று கேட்டுத்தான் அரிசி அளந்தார்.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை நிற்பாட்டியவன். என் சீவியத்தில் நானாக நிற்பாட்டியது அது ஒன்றுதான். புல்மோட்டையில் மண் ஏற்றினேன், அந்த வேலை தானாக நின்றது. மூதூர் வள்ளத்தில் மூட்டை தூக்கினேன், வள்ளம் ஓடுவது நின்றது. கடைசியில் உட்துறைமுகத்துக்குப் பின்னால் இருந்த ஒரு பழைய கொப்பறா ஸ்டோரின் வளவில் வந்து விழுந்தேன். அதுதான் எங்கள் அகதி முகாம். தென்னோலைக் கிடுகு வேய்ந்த கொட்டில்கள், ஒன்றின் கூரை மற்றதன் காதுக்குள் கதை சொல்கிற நெருக்கத்தில் நின்றன. கிடுகு ஒழுகும் என்று மேலே பொலித்தீன் விரித்திருந்தோம். உள்ளே குப்பி விளக்கு. ஒரு விளக்கு சரிந்தால் முழு முகாமும் போகும். அதைப் பற்றி நாங்கள் கதைப்பதில்லை. சோறு வெந்தால் போதும் என்று இருந்தோம்.

எனக்குப் பக்கத்துக் கொட்டில் நெருப்புப்பெட்டியாருக்கு. வந்த முதல் நாளே என் கூரைக் கிடுகில் ஒன்றை உருவி, முற்றத்தில் போட்டுக் கொளுத்திப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

“தம்பி, நல்லா எரியுது. நீர் கவனம்.”

நான் நிமிர்ந்து பார்த்தேன். கூரையில் ஓட்டை. மழைக்காலம் வேறு.

*

அவர் முன்பு சோடனைக்காரர். கலியாண வீட்டுக்கு மணவறை, கோயிலுக்கு வளைவு, பிள்ளை பெரியவளான சாமத்திய வீட்டுக்குத் தாமரைப்பூ, எல்லாம் ரெஜிபோமில், அந்தப் பாரமில்லாத நுரை அட்டையில், வெட்டி எடுப்பார். வெள்ளை வெளேரென்று அன்னம், மயில், மான், தூண், கோபுரம். கையால் தூக்கினால் பஞ்சு, தூர நின்று பார்த்தால் பளிங்கு. திரியாயிலிருந்து வெருகல் வரை அவர் மணவறைக்குப் பேர் இருந்தது.

அந்தப் பேர் ஒரு கலியாணத்தோடு முடிந்தது. பொம்பிளையின் பெயர் அன்னம். ஐயர் தாலியைத் தட்டில் எடுத்து வைத்த நேரம் எங்கேயோ ஒரு ஷெல் விழுந்தது. உண்மையில் அது வெகு தூரத்தில், ஒரு வயலுக்குள் விழுந்தது. ஆனால் சனம் எழும்பி ஓடிய ஓட்டத்தில் குத்துவிளக்கு சரிந்து மணவறைத் தூணில் சாய்ந்தது. ரெஜிபோம் விறகு மாதிரி எரிவதில்லை. அது உருகிக் கொட்டும், கொட்டிய இடத்திலும் எரியும். பளிங்கு மண்டபம் கண் மூடித் திறக்குமுன் கறுப்புத் தண்ணீராய் வழிந்தது. அதில் கொஞ்சம் அன்னத்தின் இடது கையில் விழுந்தது.

கை ஆறியது. கலியாணம் ஆறவில்லை. மாப்பிள்ளை வீட்டார் சகுனம் சரியில்லை என்று சொல்லிக்கொண்டு போனவர்கள் திரும்பி வரவில்லை. மாப்பிள்ளை பட்டுவேட்டியை மாற்றவும் நிற்கவில்லையாம்.

எல்லாரும் போன பிறகு சோடனைக்காரர் மட்டும் சாம்பலுக்குள் நின்றார். அப்போதுதான் அவர் ஒன்றைக் கண்டார். வாசலில் கட்டிய வாழைமரம் அவிந்துபோய் நின்றது, எரியவில்லை. அதில் ஆச்சரியம் இல்லை. ஆனால் வாழையோடு சேர்த்துக் கட்டியிருந்த வெள்ளைத் துணி எரிந்திருந்தது. முழுக்க அல்ல, திட்டுத் திட்டாக மிஞ்சியிருந்தது. எங்கெல்லாம் வாழைக்கயர் சொட்டிக் கறை பிடித்திருந்ததோ அங்கெல்லாம் துணி கருகிப்போய், அப்படியே தொங்கியது. வாழைக்கயர் சட்டையில் பட்டால் சீவியத்துக்கும் போகாது என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும். நெருப்புக்கும் அது போகாது என்று அவர் அன்றைக்குக் கண்டார்.

பிறகு ஊர் முழுக்க எழும்பி ஓட வேண்டி வந்தது. சனம் பானை, சட்டி, தையல் மெஷின், கோழி என்று கையில் அகப்பட்டதை எடுத்தது. அவர் அந்த ஓட்டைத் துணியை எடுத்துக்கொண்டு நடந்தார்.

அன்னமும் தாயும் அதே முகாமுக்குத்தான் வந்து சேர்ந்தார்கள். அன்னம் அடுப்புக்கு முதுகு காட்ட மாட்டாள். நெருப்பைப் பார்த்தபடிதான் தேங்காய் துருவுவாள், அதைப் பார்த்தபடிதான் ஆட்களோடு கதைப்பாள். கலியாணப் பேச்சு வந்தால் ஒரே பதில்தான்.

“மணவறையில நான் இருக்க மாட்டன்.”

மணவறையும் விளக்கும் இல்லாத கலியாணத்துக்கு அந்தக் காலத்தில் எந்த வீடு சம்மதிக்கும்? அகதியானாலும் முறை முறைதானே. அவளுக்கு வயது ஏறிக்கொண்டு போனது. தாய் அழுதாள். சோடனைக்காரர் அழவில்லை. அன்னத்தை ஒரு மணவறையில் இருத்திக் கலியாணம் செய்து பார்க்க வேண்டும், அது எரியாத மணவறையாக இருக்க வேண்டும், அதுவரை வேறு வேலை இல்லை என்று முடிவெடுத்தார். அன்றிலிருந்துதான் நெருப்புப்பெட்டியார் ஆனார்.

*

ரெஜிபோம் இனி இல்லை, வேண்டவும் வேண்டாம் என்றார். மரவள்ளிக் கிழங்கைத் துருவி, பிழிந்து, மா எடுத்து, அதைக் காய்ச்சித் தகடாக ஊற்றினார். வெறும் மாத் தகடு காய்ந்ததும் அப்பளம்போல் நொறுங்கியது. வளைய வேண்டுமென்றால் கிளிசரின் வேண்டும். பாமசிக்குப் போனார். நானும் கூடப் போனேன். முதல் முறை ஒரு போத்தல். அடுத்த நாள் மறுபடி. மூன்றாம் தடவை பாமசிக்காரர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

“என்ன அண்ணை, வாய்ப்புண் இன்னும் மாறேல்லையோ?”

“எனக்கில்லை. மணவறைக்கு.”

பாமசிக்காரர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

“மணவறைக்கு வாய்ப்புண்ணோ?”

“அது வளையோணும். எரியவும் கூடாது. எரிச்சுக் காட்டட்டோ?”

பஞ்சும் ஸ்பிரிட்டும் அடுக்கிய கடைக்குள் நெருப்புக்குச்சி உரசும் சத்தம் கேட்டது. பாமசிக்காரர் மேசைக்கு மேலால் பாய்ந்ததை நான் என் கண்ணால் கண்டேன். கொழுத்த மனிதர். அப்படிப் பாய்வார் என்று நான் நினைக்கவே இல்லை.

மாவோடு என்னவெல்லாம் கலந்தார்! முருங்கைப் பிசின், ஆவாரம்பட்டை அவித்த தண்ணீர், சிரட்டைக்கரி, வேப்பம் பிண்ணாக்கு. ஒவ்வொன்றாக ஊற்றிக் காயவைத்து ஒவ்வொன்றாகக் கொளுத்தினார். எல்லாம் எரிந்தன. வேப்பம் பிண்ணாக்கு எரிந்தபோது முகாமே மூக்கைப் பொத்திக்கொண்டு கடற்கரைக்குப் போனது. கடைசியில் இரண்டு மிஞ்சின. ஒன்று வாழைக்குற்றியை இடித்துப் பிழிந்த கயர். மற்றது வினாகிரியில் ஊறவைத்து வடித்த தவிட்டுத் தண்ணீர். இந்த இரண்டும் சேர்ந்த தகட்டில் நெருப்பு வைத்தால், மேலே கரி பிடித்துக் கொஞ்சம் பொங்கும், பொங்கின கரி கதவு சாத்தின மாதிரி நெருப்பை உள்ளே விடாது, நெருப்பு அணையும். ஏன் அப்படி என்று கேட்டால் அவருக்கும் தெரியாது.

“ஏனெண்டு நெருப்பைக் கேளும்” என்பார்.

ஒரே குறை, நிறம். பழுத்து அழுகிய வாழைப்பழத்தின் தோல் எப்படியிருக்குமோ அப்படி இருந்தது. மணமோ, புளித்த பாண்.

பாண் மணத்துக்குக் காரணம் ஹனிபா காக்கா. குறிஞ்சாக்கேணியில் இருந்து வந்து முகாமுக்கு எதிர்ப்பக்கம் பேக்கரி போட்டிருந்தவர். மரவள்ளிக் கிழங்கு அவர் ஊரிலிருந்துதான் வந்தது. பாண் சுட்டு முடிந்து போறணை சூடாறுகிற நேரத்தில் அதற்குள் தட்டுகளை வைத்துத் தகடு காயவைக்க நெருப்புப்பெட்டியாருக்கு அனுமதி கொடுத்திருந்தார். கொடுத்துவிட்டுப் பட்ட பாடு அவருக்குத்தான் தெரியும்.

“ஓய் சோடனை! இண்டைக்கி ஒரு கிழவி வந்து, காக்கா உங்கட பாண் ஏன் வாழைத்தண்டு மணக்குதெண்டு கேக்கிறா. நான் என்ன மறுமொழி சொல்லுற?”

“எரியாத பாண் எண்டு சொல்லுங்கோ காக்கா.”

“அல்லாவே! பாண் எரியாட்டி அது பாண் இல்லடா, மாவு! வெளியில போ நீ!”

வெளியில் போகச் சொன்னவர் மறுநாள் தட்டுகளை எண்ணெய் தடவித் துடைத்து வைத்திருந்தார்.

*

அடுத்தது நடந்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு நிலத்தில் படுக்கத்தான் மனம் வரும்.

பேக்கரியில் காய்ந்த தகடுகளை ஒரு நாள் டவுனில் இருந்த ஒரு கோயிலுக்குக் கொண்டு போனோம். அங்கே பொங்கலுக்கு ஒரு சின்ன வளைவு கட்டிப் பார்க்க நினைத்திருந்தார். கடதாசியில் சுற்றிய தட்டையான பொதி, சோடிக்கிற கம்பி வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. வழியில் செக்பொயின்ற். அந்தப் பொதி பார்க்கிறவனுக்கு எப்படித் தெரியும் என்று இப்போது இதை எழுதும்போது விளங்குகிறது. அன்றைக்கு எங்கள் இரண்டு பேருக்கும் விளங்கவில்லை.

ஆமிக்காரன் பொதியைக் கண்டான். கம்பியைக் கண்டான். துவக்கு மேலே வந்தது.

“மே மொக்கத?” இது என்ன என்று கேட்கிறான். அவ்வளவு சிங்களம் எனக்கும் தெரியும்.

நெருப்புப்பெட்டியாருக்குத் தெரிந்த சிங்களம் ஒரே வசனம்தான். அதையும் யாரிடமோ கேட்டுப் பாடமாக்கி வைத்திருந்தார். எரியாது என்று அர்த்தம்.

“பிச்சென்னே நே, மாத்தயா!” என்று சந்தோசமாகச் சொன்னார். சொல்லிக்கொண்டே கடதாசியைக் கிழித்தார், குச்சியை உரசினார்.

நான் நிலத்தில் கிடந்தேன். எப்போது விழுந்தேன் என்று தெரியாது. வரிசையில் நின்ற சனம் முழுக்க நிலத்தில். மீன்கூடைக்காரி கூடையைத் தலையில் கவிழ்த்தபடி படுத்திருந்தாள். ஆமிக்காரர் மண்மூட்டைகளுக்குப் பின்னால். அந்தத் தெருவில் நிமிர்ந்து நட்டுக்கு நின்றவர் ஒருவர்தான். ஒரு கையில் தகடு, தகட்டின் கீழே நெருப்பு, முகத்தில் ஒரு பெரிய சிரிப்பு.

தகடு கறுத்தது. புகைத்தது. அணைந்தது.

மண்மூட்டைக்கு மேலால் முதலில் ஒரு இரும்புத் தொப்பி எழும்பியது, பிறகு அதற்குக் கீழே இரண்டு கண். சார்ஜன்ட் ஒருவன் மெல்ல மெல்ல வந்தான், தகட்டை வாங்கி முகர்ந்தான். அவன் முகம் மாறியது.

“மஞ்ஞொக்கா?” என்றான். மரவள்ளிக்கு அவர்கள் சொல்வது.

“ஓம் மாத்தயா, மஞ்ஞொக்கா!”

என்னை விட்டுவிட்டார்கள். அவரைப் பொழுது படும்வரை வெய்யிலில் முழங்காலில் வைத்திருந்தார்கள். துவக்குப் பிடியால் தோளில் ஒரு போடும் போட்டார்கள். அந்தக் காலத்தில் அது சின்னத் தண்டனை. நான் முகாம் வாசலில் நின்றேன். உயிரோடு வருவாரா என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன். நொண்டி நொண்டி வந்தார். தோளைப் பிடித்தபடி என் காதருகே குனிந்து சொன்னார்:

“தம்பி, அவங்கள் தங்கட லைற்றராலயும் பிடிச்சுப் பாத்தவங்கள். ஒவ்வொருத்தனா. எரியேல்லை!”

வளைவை எப்படியோ கோயிலில் கட்டினார். விடியப் போய்ப் பார்த்தால் கம்பி மட்டும் நின்றது. திருகோணமலை டவுனுக்குள் மான் திரிவது ஊருக்கே தெரியும். ரோட்டில் நிற்கும், கடைவாசலில் படுக்கும், வாழைப்பழத்தோல் போட்டால் வாலாட்டும். மூன்று மான்கள் கோயில் வாசலில் நின்று கடைசித் துண்டை மென்றுகொண்டிருந்தன. மணவறைக்கு மான் வெட்டி ஒட்டிய மனிதரின் வளைவை மான் தின்கிறது. ஆள் விழுந்து அழப் போகிறார் என்று நான் தோளைப் பிடித்தேன்.

“எரியேல்லைத்தானே?” என்றார்.

மற்றொரு முறை முகாமுக்கு ஒரு பெரிய அதிகாரி வந்தார். அவருக்குத் தலைக்கு மேலே தகட்டில் ஒரு வரவேற்புப் பந்தல். அவர் கதைக்கத் தொடங்க மழையும் தொடங்கியது. பந்தல் களியாகிச் சொட்டச் சொட்ட அவர் தலையில் இறங்கியது. நெருப்புக்கு அசையாதது தண்ணீருக்குக் கரைந்தது. எரியாது, ஆனால் மக்கும், கரையும், ஆடு மாடு மான் தின்னும். அதிகாரி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இது என்னவென்று கேட்டபோது, நனைந்த நெருப்புப்பெட்டியோடு முன்னுக்கு வந்தவரை நாலு பேர் தூக்கிக்கொண்டு போனோம்.

*

அப்படியிருக்கத்தான் சிவம் வந்தான். மீன்பிடிகாரன், திரியாய்ப் பக்கம், ஷெல் சத்தத்தில் காது போனவன், மற்றபடி நல்ல பெடியன். அன்னத்தைக் கேட்டான். தாய் கையெடுத்துக் கும்பிட்டாள். அன்னம் பழைய பதிலைத்தான் சொன்னாள்.

“மணவறையில நான் இருக்க மாட்டன்.”

நெருப்புப்பெட்டியார் அவள் கொட்டில் வாசலில் போய் நின்றார். அன்றைக்கு ஒன்றும் கொளுத்தவில்லை.

“பிள்ளை, நான் கட்டித் தாறன். எரியாது.”

அன்னம் அடுப்பைப் பார்த்தபடி கேட்டாள். “அண்டைக்கும் நீங்கள்தானே மாமா கட்டினீங்கள்?”

அவர் சாரத்து மடியைத் தொட்டார், தகட்டை எடுக்கவில்லை. அவளே பிறகு சொன்னாள்:

“சரி, கட்டுங்கோ. ஆனா துண்டு துண்டாக் காட்டுற கதை எனக்கு வேண்டாம். கலியாணத்தண்டு, சனம் எல்லாம் பாத்திருக்க, முழு மணவறையையும் என்ர கண்ணுக்கு முன்னால கொளுத்திக் காட்டுங்கோ. பிறகு இருக்கிறன்.”

இப்படியொரு நிபந்தனையை எந்த ஊரில் எந்தப் பொம்பிளை சொன்னாள்? முகாமே வாயில் கை வைத்தது.

அவர் வேலையில் இறங்கினார். முகாமுக்குப் பக்கத்து வளவுகளில் வாழைக்குலை வெட்டிய குற்றி ஒன்று மிச்சமில்லை. அவர் கை இரண்டும் கயரில் முழங்கை வரை கறுத்தன. ஹனிபா காக்கா பாண் சுடுவதை ஒரு நாள் நிறுத்தி முழுப் போறணையையும் கொடுத்தார். கேட்டவர்களுக்கு மா வரவில்லை என்றார்.

கலியாண நாள் காலமை, கொப்பறா ஸ்டோருக்குள், அந்த மணவறை எழும்பி நின்றது. தூண், வளைவு, மேலே கோபுரம், இரண்டு பக்கமும் அன்னம். முழுக்க முழுக்க அழுகல் வாழைப்பழ நிறம். மஞ்சள் பூசிப் பார்த்திருந்தார், அது இன்னும் மோசமாக்கியது. சின்னப் பிள்ளைகள் பயந்து அழுதன. நான் பார்த்த மணவறைகளில் அதைப்போல் அவலட்சணமான ஒன்று இல்லை.

ஐயர் வந்தார், பார்த்தார். நிபந்தனையைக் கேட்டார். கையிலிருந்த தர்ப்பை விழுந்தது.

“மணவறைக்குக் கொள்ளி வைக்கிறதோ! சுப காரியத்திலயோ! நான் போறன்.”

சிவத்தின் தாய் வாய்விட்டு அழத் தொடங்கினாள். சனம் இரண்டாகப் பிரிந்து சத்தம் போட்டது. ஐயர் உண்மையில் வாசல் வரை போய்விட்டார். அங்கே நின்று திரும்பிப் பார்த்தார். அன்னம் பொம்பிளைக் கோலத்தில், தழும்புக் கையை மற்றக் கையால் மூடிக்கொண்டு ஒரு மூலையில் நின்றாள். ஐயருக்கும் பிள்ளைகள் இருந்தன.

“கற்பூர ஆலாத்தி எடுக்கிறது வழக்கம்தானே” என்று அவர் சுவரைப் பார்த்துச் சொன்னார். “தட்டைக் கொஞ்சம் கிட்டப் பிடிச்சா, பிடிச்ச ஆளின்ர பிழை. நான் இப்ப இங்கால திரும்பி நிக்கிறன்.”

தட்டு வந்தது. கற்பூரம் வந்தது, ஆலாத்திக்கு இவ்வளவு கற்பூரம் யாரும் வைப்பதில்லை. நெருப்புப்பெட்டியார் குச்சியை உரசிக் கற்பூரத்தைப் பற்றவைத்தார். தட்டை அன்னத்தின் கையில் கொடுத்தார்.

“நீயே வை பிள்ளை.”

கொடுத்துவிட்டு, நாங்கள் என்ன ஏது என்று பார்க்குமுன், நேரே நடந்து போய் மணவறைக்குள் ஏறி, பொம்பிளை இருக்க வேண்டிய பலகையில் சம்மணம் போட்டு இருந்துவிட்டார்.

அந்த ஸ்டோருக்குள் எழும்பிய சத்தம் துறைமுகத்துக்கு அந்தப் பக்கம் கேட்டிருக்கும். கிழட்டுப் பிரமச்சாரி ஒருவர், மேலுக்குச் சட்டையில்லாமல், கறுத்த கையோடு, பொம்பிளையின் பலகையில்! ஒருத்தி “ஐயோ முறைகேடு” என்று தலையில் அடித்தாள். சிவம், காது கேளாதவன், “என்னவாம்? ஆருக்குக் கலியாணமாம்?” என்று என்னைக் கேட்டான்.

“எழும்புங்கோ அண்ணை!” என்று நான் கத்தினேன்.

“எரிஞ்சா முதல் என்ர தலையிலதான் விழோணும்” என்றார். “வை பிள்ளை.”

அன்னம் தட்டைத் தூக்கினாள். தட்டில் நெருப்பு ஆடியது. அவள் நடந்து போனாள். தூணோடு தட்டைப் பிடித்தாள். நெருப்பு தூணை நக்கியது. தூண் கறுத்தது. கொப்புளம் கொப்புளமாகப் பொங்கியது. புகை மேலே ஏறிக் கோபுரத்தை மூடியது, உள்ளே இருந்த மனிதர் தெரியவில்லை. கருகிய பாண் மணம். ஐயர் எப்போதோ திரும்பிவிட்டார். ஹனிபா காக்கா வாசலில் நின்று ஏதோ ஓதிக்கொண்டிருந்தார். அன்னம் தட்டை எடுக்கவில்லை. கற்பூரம் முழுக்க முடியும்வரை, அவ்வளவு வருசப் பயமும் முடியும்வரை, அதைப் பிடித்தபடி நின்றாள்.

கற்பூரம் முடிந்தது. நெருப்பும் முடிந்தது. புகை விலகியது. தூண் நின்றது. கோபுரம் நின்றது. ஒரு சொட்டு உருகி விழவில்லை. உள்ளே நெருப்புப்பெட்டியார், முகமெல்லாம் கரி, கண்ணிரண்டும் சிவந்து வழிய, இருமிக்கொண்டிருந்தார்.

அன்னம் தட்டை ஐயரிடம் கொடுத்தாள். தழும்புக் கையால் முந்தானையைச் சரிசெய்தாள்.

“மாமா, எழும்புங்கோ. அது என்ர இடம்.”

அப்போதுதான் அவர் அழுதார். புகை என்று சொன்னார். புகையும் இருந்ததுதான்.

*

அன்னத்துக்குப் பிள்ளை பிறந்த வருசத்து மாரியில் அவருக்குக் காய்ச்சல் வந்தது. மலேரியா. ரோட்டு பூட்டிக் கிடந்தது, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக ஏலாமல் போனது. அந்த வருசம் முகாமில் பலருக்கு நடந்தது அவருக்கும் நடந்தது.

சொந்தம் என்று ஒருவரும் இல்லை. சிவம் கொள்ளி வைப்பதாகச் சொன்னான். பாடை கட்டினோம். பூ இல்லை, கடதாசி இல்லை. வெறும் பாடையில் ஒரு சோடனைக்காரரைக் கொண்டு போவதோ என்று எல்லாருக்கும் மனம் கேட்கவில்லை. அவர் கொட்டிலுக்குள் நல்ல தகடுகள் ஒரு அடுக்கு மிச்சமிருந்தது. எல்லாரும் சேர்ந்து அதை வெட்டித் தூண், வளைவு, மேலே ஒரு கோபுரம் என்று ஒட்டினோம். நானே ஒரு அன்னம் வெட்டினேன், அது கோழி மாதிரி வந்தது. ஹனிபா காக்கா சுடலை வாசல் வரை கூட நடந்தார்.

விறகில் ஏற்றி, சோடனையால் விறகையும் சுற்றி மூடி வைத்து, சிவம் கொள்ளி வைத்தான். பிடிக்கவில்லை. மறுபடி வைத்தான். கறுத்தது, பொங்கியது, அணைந்தது. எண்ணெய் ஊற்றிப் பார்த்தோம். எண்ணெய் எரிந்து முடிந்தது, கோழி நின்றது. வாசலில் நின்ற ஹனிபா காக்காதான் தலையில் கை வைத்துக் கத்தினார்.

“அடேய் விசரனுகளே! எரியக்கூடாதெண்டு ஆயுசு முழுக்கப் பாடுபட்டவனை அதுக்குள்ளேயே சுத்தி வெச்சிருக்கிறயளேடா!”

யார் முதலில் சிரித்தது என்று தெரியவில்லை. சுடலையில் சிரிப்பது மகா பாவம். நாங்கள் விறகுக்கட்டையில் குந்தியிருந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணீர் வழிய வழியச் சிரித்தோம்.

பிறகு சிவம் ஏறித் தகடுகளை ஒவ்வொன்றாக உரித்து எடுத்தான். கடைசித் தகட்டை எடுத்ததும் குனிந்து அவர் காதருகே ஏதோ சொன்னான். காது கேளாதவன் மெல்லக் கதைக்க மாட்டான், எங்கள் எல்லாருக்கும் கேட்டது.

“மாமா, இனி நாங்கள் பாத்துக்கொள்ளுறம். நீங்கள் எரியலாம்.”

அவருடைய நெருப்புப்பெட்டியாலேயே பற்றவைத்தான். உடனே பிடித்தது.

பொம்பிளைகள் சுடலைக்கு வருவதில்லை. நாங்கள் குளித்துவிட்டுத் தகடுகளைத் தூக்கிக்கொண்டு முகாமுக்குத் திரும்பியபோது அன்னம் வாசலில் நின்றாள், இடுப்பில் பிள்ளை. நான் நடந்ததைச் சொன்னேன். அவள் பிள்ளையை மற்ற இடுப்புக்கு மாற்றினாள்.

“அவர் லேசில எரியிற மனிசனோ?” என்றாள்.

என் கையிலிருந்த தகட்டை வாங்கிக்கொண்டு போய் அடுப்புக்கும் கிடுகுச் சுவருக்கும் இடையில் செருகினாள். அடுத்த மாரிக்கு அது மக்கிப் போகும் என்று அவளுக்கும் தெரியும். அந்தக் கோழியும் அதில்தான் இருந்தது. பிறகு பிள்ளைக்குப் பால் கொடுக்க நிலத்தில் குந்தியிருந்தாள், அடுப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு.